பெல்ட்டு பார்த்துவிட்டு வந்த இரண்டு யூனிவர்சிட்டிகள்

வலங்கைமான் வட்டாரத்தில் பெல்ட்டைக் கேட்காமல் யாரும் எதையும் முடிவு செய்ததில்லை. கேட்டு முடிவு செய்தவர்களில் பாதிப் பேர் உருப்பட்டதும் இல்லை. ஆனாலும் கேட்டார்கள். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எதிர்வீட்டில் வருஷக்கணக்காகக் குடியிருந்த எனக்கே அது தெரியாது. பெண்டாட்டி 'என்னங்க' என்பார், பெண் 'அப்பா' என்பாள், தபால்காரர் உட்பட மற்ற எல்லாருக்கும் அவர் பெல்ட்டண்ணன்.

பெயருக்குக் காரணம் அவர் தொழில். அறுப்பு மிஷின் புரோக்கர். டெல்டாவில் இப்போது நெல்லை அறுப்பது மிஷின்தான், அதில் இரண்டு வகை. டயர் மிஷின் காய்ந்த வயலுக்கு. ஈர வயலில் இறக்கினால் புதைந்து உட்கார்ந்துவிடும். பெல்ட் மிஷின் சேற்றுக்கு. டயருக்குப் பதிலாக அகலமான பட்டைகளின் மேல் ஊர்ந்து போகும். எந்த வயலுக்கு எது என்று பார்த்துச் சொல்லி, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் மிஷினைப் பிடித்துக் கொடுப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கி, குதிகாலை ஊன்றி ஓர் அழுத்து அழுத்துவார். கால் புதைந்தால் பெல்ட்டு. புதையாவிட்டால் டயர்.

இதைத் தொழிலோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மனிதர் நிறுத்தவில்லை. உலகத்தில் உள்ள அத்தனை கேள்விகளுக்கும் இந்த இரண்டே பதில்தான் என்று நம்பினார்.

அரசுப் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக மாற்றலாகி நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்த அன்று, என் பீரோவை ஆட்கள் இறக்குவதைக் கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"டீச்சருக்கு என்ன பாடம்?"

"கணக்கு."

"அப்ப டயரு."

"என்னது?"

"காஞ்ச பாடம் டீச்சர். சர்ருன்னு போயிட்டே இருக்கலாம். தமிழ் எடுக்கறவங்கதான் பெல்ட்டு. உள்ள எறங்கிட்டா மேல வர நேரமாவும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளோடு பேச்சே வைத்துக்கொள்ளக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மறுநாள் கேஸ் அடுப்பு வாங்கும்போது இரண்டு பர்னரா மூன்று பர்னரா என்று அவரிடம்தான் கேட்டேன். ஊர்த் தண்ணீர் அப்படி.

மூன்றாம் வீட்டில் பெண்ணுக்கு இரண்டு வரன்கள் வந்தன. ஒன்று சிங்கப்பூரில் வேலை, இன்னொன்று பேங்க் உத்தியோகம். பெல்ட்டு ஜாதகத்தைத் தொடவில்லை, போட்டோவைப் பார்க்கவில்லை. "சிங்கப்பூரு டயரு. வேகமாப் போவும், மழ பேஞ்சா நின்னுடும். பேங்க்கு பெல்ட்டு. மெதுவாப் போவும், நிக்காது" என்றார். பேங்க்குக்கே கொடுத்தார்கள். அது நிற்கவில்லைதான். ஊர் ஊராக மாற்றலாகிக் கடைசியில் ராஞ்சிக்குப் போய்விட்டது. பேரப்பிள்ளை முகத்தைப் போனில் மட்டுமே பார்த்த பெண்ணின் அம்மா நடுத்தெருவில் நின்று பெல்ட்டைத் திட்டினார். "நிக்காதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்று கேட்டுவிட்டு இவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

ரிட்டையர்டு வி.ஏ.ஓ. ஒருவருக்குக் குடலிறக்கம். ஆபரேஷனா, மாத்திரையா என்று பெல்ட்டிடம் வந்தார். வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு இவர், "புதையுது. பெல்ட்டுதான்" என்றார். நல்ல மனசோடு ஆபரேஷனைத்தான் சொல்லியிருக்கிறார். வி.ஏ.ஓ. கும்பகோணம் போய் மருந்துக்கடையில் இடுப்பு பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டார். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் அவரைத் தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். பார்க்கப்போன பெல்ட்டு சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு, "இப்ப டயரா ஆயிட்டீங்க சார்" என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாராம்.

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் சொல்வதற்கும் சிரிப்பு வந்தால் அது உங்கள் பாடு.

பெல்ட்டுக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. டெல்டாவில் அறுப்பு முடிந்தால் நெல் காயும் இடம் தார் ரோடு. சாலையில் பாதியை நெல் எடுத்துக்கொள்ளும், மீதிப் பாதியில் நாம் போய்க்கொள்ள வேண்டியதுதான். நெல்லின்மேல் வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் நெல்லைக் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, அது பறக்காமலிருக்கவும் கல்தான். இதைச் செய்யாத விவசாயி இல்லை, தப்பென்று நினைத்தவனும் இல்லை. பெல்ட்டு மட்டும் பைக்கை நிறுத்தி இறங்கி, அந்தக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வாய்க்காலில் போடுவார். நெல்லுக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் அவருடைய வாடிக்கைக்காரராகத்தான் இருப்பார்.

"என்ன பெல்ட்டண்ணே, தார்ப்பாயி பறந்துடாதா?"

"பறக்கட்டும்."

அவ்வளவுதான். அந்த ஒரு விஷயத்தில் அவரிடம் பெல்ட்டும் கிடையாது, டயரும் கிடையாது.

அவர் பெண் மலர்விழி கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. புள்ளியியல் படித்தாள். என்னிடம் ப்ளஸ் டூ படித்தவள். காலையில் அவள் ஏறும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே பெல்ட்டு பைக்கில் போவார். சாயங்காலம் அவள் திரும்பும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வருவார். படிப்பு முடிகிற வரைக்கும் இப்படித்தான். "டிக்கெட் எடுத்துக்கிட்டு உள்ளயே வந்துடுங்களேண்ணே" என்று கண்டக்டர் கெஞ்சிப் பார்த்தார். "உள்ள ஒக்காந்தா ரோடு தெரியாதுப்பா" என்று பதில் வந்தது. பெண்ணைச் சந்தேகப்படுகிறார், அவளுக்கு யாரோ இருக்கிறான் என்று தெரு பேசியது. காதில் விழுந்தும் இவர் மறுக்கவில்லை. மலர் மட்டும் பஸ்ஸின் பின்பக்கத்தில் உட்காரவே மாட்டாள். கண்ணாடி வழியாக அப்பா தெரிவாராம்.

காரணம் கார்த்தி. மலருக்கு மூத்தவன். இன்ஜினியரிங் சேரும்போது அவனுக்கு இரண்டு காலேஜ் கிடைத்தது. ஒன்று கோயம்புத்தூர்ப் பக்கம், ஹாஸ்டலில் தங்க வேண்டும். இன்னொன்று பக்கத்தில், வீட்டிலிருந்தே பைக்கில் போய் வரலாம். பெல்ட்டு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "கண்ணு முன்னாடி இருக்கட்டும். இதுக்கு டயரு போதும்" என்று தீர்ப்புச் சொன்னார். நான் குடிவந்த மறுவருஷம், சம்பா அறுப்பு நடந்த ஒரு சாயங்காலம், காலேஜிலிருந்து வந்துகொண்டிருந்தவன் கறுப்பு ரோட்டில் கறுப்புத் தார்ப்பாயைக் கவனிக்கவில்லை. கல்லில் ஏறி விழுந்தான். அந்த நெல்லை அறுக்க மிஷின் பிடித்துக் கொடுத்தவர் பெல்ட்டுதான். அந்த வட்டாரத்தில் வேறு யார் பிடித்துக் கொடுப்பது?

நெல்லுக்குச் சொந்தக்காரர் பெல்ட்டின் காலில் விழுந்து அழுதார். பெல்ட்டு அவரைத் தூக்கி நிறுத்தினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வயலில் இறங்கிக் குதிகாலை ஊன்றினார். டீக்கடையில் வரன் கேட்டவர்களுக்கு வரன் சொன்னார், மாடு கேட்டவர்களுக்கு மாடு சொன்னார். பழையபடி சத்தம் போட்டுச் சிரித்தார். இந்த மனிதருக்குக் கல் மனசு என்று நான் நினைத்தேன். கற்களை அவர் பொறுக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வீட்டுக்குள் கார்த்தி என்ற பெயரை யாரும் உச்சரிப்பதில்லை.

மலருக்கு எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். வெளிமாநில யூனிவர்சிட்டிகளுக்குப் போட்டுப் பார் என்று சொன்னது நான்தான். விண்ணப்பத்தில் போன் நம்பர் கேட்டபோது அவள் அப்பா நம்பரைக் கொடுத்தாள். அவள் நம்பர் ரீசார்ஜ் தீர்ந்தால் செத்துவிடும். பெல்ட்டின் நம்பர் டெல்டாவின் மின்கம்பங்களில் எல்லாம் ஒட்டியிருக்கிறது, அது மாறவே மாறாது. முன்பட்டக் குறுவை அறுப்பு தொடங்குகிற நேரத்தில் இரண்டு இடங்களில் இடம் கிடைத்தது. கர்நாடகாவில் ஒரு பெரிய அரசு யூனிவர்சிட்டி, ஒடிசாவில் ஒரு பெரிய அரசு யூனிவர்சிட்டி. ஒன்றில் வளாகத்துக்குள்ளேயே பஸ் ஓடுமாம். இன்னொன்றில் ஏரியே இருக்கிறதாம்.

"டீச்சர், கர்நாடகான்னா ஹாஸ்டல் நல்லா இருக்கு, ஊரும் கிட்ட. ஒடிசால டிபார்ட்மென்ட் நல்லா இருக்கு" என்றாள் மலர்.

"நீ என்ன நெனைக்கற?"

"ஒடிசா. ஆனா அப்பா எதைச் சொன்னாலும் போறேன் டீச்சர். அவரு வாயால சொல்லணும். இல்லன்னா என்னால போவ முடியாது."

ஊரே தீர்ப்புக்குக் காத்திருந்தது. மளிகைக்கடையில், சலூனில், பஸ் நிறுத்தத்தில், எங்கே பெல்ட்டைப் பார்த்தாலும், "என்னண்ணே, பாப்பாவுக்கு டயரா பெல்ட்டா?" என்று கேட்டார்கள். பெல்ட்டு, "பாப்போம்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் அதுவரை யாரும் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் பொட்டில் அடித்ததுபோலச் சொன்னவர், சொந்தப் பெண்ணுக்கு வந்தபோது வழவழா கொழகொழா என்று ஆனார்.

பொறுத்துப் பார்த்து, அவர் மனைவி செல்வி அக்கா கோயிலில் பூக்கட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தார். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் கட்டி, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பது. எடுத்தார்கள். வெள்ளை வந்தது.

"வெள்ளைன்னா கர்நாடகா" என்று செல்வி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வெள்ளைன்னா ஒடிசா" என்றார் பெல்ட்டு.

"என்னங்க இது, வேண்டிக்கிட்டது நானு! வெள்ளைன்னா கர்நாடகான்னுதான் வேண்டிக்கிட்டேன்."

"நான் ஒடிசான்னு வேண்டிக்கிட்டேன்."

"சரி, அப்ப ஒடிசாவுக்கே அனுப்புங்க" என்றார் செல்வி அக்கா.

உடனே பெல்ட்டு, "இல்ல, இப்ப யோசிச்சா செவப்புதான் ஒடிசா மாரி இருக்கு" என்றார். சாமியே குழம்பியிருக்கும். குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மிஷினோடு வெளியூர் போகிறேன் என்று கிளம்பினவர், ஒரு வாரம் கழித்துத் தாடியோடு திரும்பினார். வந்தும் வீட்டில் தங்கவில்லை. குத்தாலத்துப் பக்கம் அறுப்பு என்று போய், மிஷின் டிரைவர்களோடு கொட்டகையில் படுத்துக்கொண்டார். போனை எடுக்கவில்லை. இடத்தை ஏற்றுக்கொள்ளக் கடைசி நாள் வந்துவிட்டது. இரண்டு யூனிவர்சிட்டிக்கும் அதே நாள்தான். மாலை ஐந்து மணிக்குள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஏற்றுக்கொள்ள ஓ.டி.பி. வேண்டும், அந்த ஓ.டி.பி. பெல்ட்டின் போனுக்கு வரும். பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, மலரை ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு குத்தாலத்துக்குக் கிளம்பினேன். வழி நெடுக எனக்கு வாயில் வந்த வார்த்தைகளை ஒரு டீச்சர் பத்திரிகையில் எழுத முடியாது.

விசாரித்துக்கொண்டே போய் வயலைக் கண்டுபிடித்தோம். போய்ப் பார்த்தால் ஒரு டயர் மிஷின் சேற்றில் அச்சு வரைக்கும் புதைந்து நிற்கிறது. வயல்காரர் வரப்பில் நின்று திட்டுகிறார். டிரைவர் மிஷின்மேல் உட்கார்ந்து திட்டுகிறார். நடுவில் முழங்கால் சேற்றில் பெல்ட்டு ஒரு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தொழிலில் அவர் தப்பாகச் சொல்லி அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. குதிகாலை ஊன்றினாரோ இல்லையோ, ஊன்றும்போது மனசு எங்கே இருந்ததோ.

நான் வரப்பிலிருந்து இறங்கினேன். இறங்கியதும் ஒரு செருப்பு உள்ளே போய்விட்டது.

"டீச்சர், பாத்து வாங்க, புதையும்" என்றார் பெல்ட்டு.

"இப்ப சொல்லுங்க புதையும்னு. மிஷினை எறக்கறப்ப இந்த புத்தி எங்க போச்சு?"

"அதத்தான் மேடம் நானும் கேக்கறேன்" என்றார் டிரைவர்.

"போன் எங்கண்ணே? காலையிலேருந்து எத்தன தடவ அடிக்கறது?"

பெல்ட்டு டயருக்குப் பக்கத்தில் மண்ணைக் கொத்தினார். மலர் வரப்பில் நின்றபடி, "அப்பா, இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுதுப்பா" என்றாள்.

"ரெண்டும் வேணாம் பாப்பா."

"என்னப்பா சொல்றீங்க?"

"ரெண்டும் வேணாம். கும்மோணத்துலயே ஏதாவது படி. நான் பஸ்ஸு பின்னாடி வந்துக்கறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னொரு செருப்பும் போனது. "என்ன ஆளுண்ணே நீங்க? ஊருல கழுதைக்குக்கூடக் கல்யாணம் பேசி முடிக்கறீங்க. பெத்த பொண்ணு படிச்சு வாங்குன எடம், அதப் போயி வேணாங்கறீங்க. அந்த ரெண்டு எடத்துலயும் என்ன கொறையக் கண்டீங்க?"

"போயிப் பாத்துட்டு வந்துட்டேன் டீச்சர்."

"எங்க?"

"ரெண்டு எடத்துக்குந்தான். மிஷினோட எல்லாம் போவல. கூட்டத்தோட கூட்டமா நின்னுகிட்டே ரயில்ல போயிட்டு வந்தேன். பாஷ தெரியல. கேட்டுல வாட்ச்மேன் உள்ள விடல."

"உள்ளயே போவலன்னா என்னத்தப் பாத்தீங்க?"

"உள்ள எல்லாம் நல்லாத்தான் டீச்சர் இருக்கும். உள்ள யாரு செத்தா?"

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

"வெளில டீக்கடைல ஒக்காந்து ரோட்டப் பாத்துகிட்டு இருந்தேன். விளக்கு வைக்கற வரைக்கும் இருந்தேன். கர்நாடகாவுல பாசிப்பயறு காயப்போட்டிருந்தாங்க. ரோட்டுலயே. ரெண்டு பக்கமும் கல்லு."

"ஒடிசாவுல?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"மக்காச்சோளம்."

"அங்கயும் கல்லா?"

"செங்கல்லு. நாலஞ்ச எடுத்து அப்பால போட்டேன். அடிக்க வந்துட்டாங்க. என்ன சொல்லித் திட்டுனாங்கன்னு புரியல. நம்ம ஊருல திட்டற மாரியேதான் இருந்துச்சு." மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றினார். "நல்ல ரோடு இருக்கற ஊரா பாத்து ஒண்ணச் சொல்லிடலாம்னுதான் டீச்சர் போனேன். எல்லா ஊருலயும் ரோட்டுலதான் காயப்போடறானுவ. நான் எதச் சொல்றது?"

அதற்குப் பதில் புள்ளியியல் படித்த பெண்ணிடம் இருந்தது. மலர் சேற்றில் இறங்கி நேராக அப்பாவிடம் போனாள்.

"அப்பா, கார்த்தி செத்தது நம்ம ஊரு ரோட்டுலப்பா."

பெல்ட்டு தலையைத் தூக்கவில்லை.

"நீங்க அவனப் பக்கத்துலதாம்ப்பா வச்சிருந்தீங்க. கண்ணு முன்னாடிதான் வச்சிருந்தீங்க."

அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடிக்கிற அளவுக்குத்தான் அவள் சொன்னதும் இருந்தது. பெல்ட்டு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் போன் இருந்தது. அணைத்துத்தான் வைத்திருந்தார். உயிர் கொடுத்தார். அது எழுந்ததும் நாங்கள் அடித்த அழைப்புகளுக்கெல்லாம் வரிசையாகக் கத்தித் தீர்த்தது.

"நம்பரு வரும்னியே, எப்ப வரும்?" என்றார்.

மலர் தன் போனில் அழுத்தினாள். அவர் போனில் மணி அடித்தது. கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். நடுவில் ஒன்று அவருக்கு ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. வயல்காரர் வந்து எட்டிப் பார்த்து ஏழு என்று சொல்லிக் கொடுத்தார். முன்பின் தெரியாத மனிதர், அதுவரை திட்டிக்கொண்டிருந்தவர். மலர் அழுத்தி முடித்து நிமிர்ந்தாள்.

"எந்த ஊரு பாப்பா போட்ட?" என்று டிரைவர் கேட்டார்.

"நீ மிஷினைப் பாருய்யா" என்று பெல்ட்டு அதட்டினார்.

"ஏண்ணே, உங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றேன்.

"வேணாம் டீச்சர். தெரிஞ்சா நான் ஏதாவது சொல்லிடுவேன். நான் சொன்ன எடத்துக்குப் போயித்தான்..." என்று நிறுத்திக்கொண்டு, மறுபடி மண்ணைக் கொத்த ஆரம்பித்தார். என் செருப்பு இரண்டையும் சேற்றில் துழாவி எடுத்து, வாய்க்காலில் கழுவி, வரப்பில் கொண்டுவந்து வைத்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டியின் பின்னால் மலர் அழுதுகொண்டே வந்தாள். "அவரு வாயால சொல்லலயே டீச்சர்" என்றாள்.

"சொன்னாரேடி. ஒவ்வொரு நம்பரா சொன்னாரே" என்றேன்.

மலர் ஒடிசாவுக்குப் போனாள். போகிற வரைக்கும் பெல்ட்டு அதை 'அந்த ஊரு' என்றே சொன்னார். அதன் பிறகு அவர் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. வீடு வாங்குகிறவர்கள் வந்தார்கள், வரன் பார்க்கிறவர்கள் வந்தார்கள். "ஒங்களுக்கு எது புடிக்குதோ அதப் பண்ணுங்க" என்று அனுப்பினார். ஊருக்குக் கை ஒடிந்ததுபோல ஆயிற்று. இனிமேல் உருப்படாமல் போனால் யாரைத் திட்டுவது? வி.ஏ.ஓ. மறுபடியும் ஏதோ வலியோடு வந்து, பதில் கிடைக்காமல், கோபித்துக்கொண்டு நேராக டாக்டரிடமே போய்விட்டார்.

பெல்ட்டுக்கு ஒரு வேலை மட்டும் புதிதாக வந்தது. தினமும் இருட்டுகிற நேரத்துக்குப் பெண்ணுக்குப் போன் போடுவார். பேச்சு ஒரே பேச்சுதான்.

"ரூமுக்கு வந்துட்டியா பாப்பா?"

"வந்துட்டேன்பா."

போனை வைத்துவிடுவார். சாப்பிட்டாயா, படித்தாயா என்று எதுவும் கிடையாது. லீவுக்கு வந்தபோது மலர் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள். "பொய்தான் டீச்சர் சொல்றேன். அந்த நேரத்துக்கு நான் லைப்ரரிலேருந்து பஸ்ஸுல வந்துகிட்டு இருப்பேன். உண்மையச் சொன்னா அவரு தாங்க மாட்டாரு."

அவள் திரும்பிப் போன பிறகு ஒரு நாள், இவர் போனை வைத்ததும் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, பொண்ணு சொல்றது நெசம்னு நெனைக்கறீங்களா?"

"பொய்யி டீச்சர்" என்றார், சாதாரணமாக. "பின்னாடி ஹாரன் அடிக்குது. கண்டக்டர் கத்தறான். எந்த ஊருல ரூமுக்குள்ள பஸ்ஸு ஓடுது?"

"தெரிஞ்சுகிட்டே எதுக்குக் கேக்கறீங்க?"

"கார்த்திக்கும் அன்னிக்குப் போன் போட்டேன் டீச்சர். 'வந்துகிட்டே இருக்கேன்பா'ன்னான். அத்தோட சரி. இது பொய்யோ நெசமோ, 'வந்துட்டேன்'னு சொல்லுதுல்ல. அதக் கேட்டுட்டாத்தான் எனக்குச் சோறு எறங்குது."

அதன் பிறகு எனக்கு மாற்றல் வந்தது. இப்போது தஞ்சாவூரில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடம் பாபநாசத்தைத் தாண்டி, தினமும் பஸ்தான். அறுப்புக் காலத்தில் ஸ்பெஷல் கிளாஸ் முடித்துவிட்டு ஏறினால் பாதி வழியிலேயே இருட்டிவிடும். ரோட்டோரம் தார்ப்பாய்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பெண்ணிடம் பேசி முடித்த கையோடு பெல்ட்டு எனக்கும் போன் போடுவார். முதல் நாள் என்னமோ ஏதோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

"டீச்சர், வீட்டுக்கு வந்துட்டீங்களா?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்தில் கண்டக்டர் அய்யம்பேட்டை, அய்யம்பேட்டை என்று கத்திக்கொண்டிருந்தார்.

"வந்துட்டேண்ணே" என்றேன். தினமும் அதையே சொல்கிறேன்.